அந்த இன்னொரு பேண்டும் நாங்கதான் மாமா

பர்மால, ரங்கூன்ல, நாங்க அஞ்சு பேரு சேந்து ஒரு மியூசிக் பேண்டு வச்சிருக்கோம். போன வருஷம் தை பொறக்கறதுக்கு முன்னாடி ஒரு மாமா போன் பண்ணாரு. பொண்ணுக்குக் கல்யாணம், ரிசப்ஷனுக்கு லைவ் மியூசிக் வேணும், எவ்ளோ ஆகும்னு கேட்டாரு. ரேட்டு சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, அப்புறம் "தம்பி, ரொம்ப கூட கேக்குறீங்களே, இன்னொரு செட்டு இருக்காங்க, உங்களவிட கால்வாசி கம்மி, அவங்களையே வச்சுக்கிறேன்"ன்னாரு. யாரு மாமா அதுன்னு கேட்டேன், நமக்குப் போட்டியா யாரு வந்துட்டாங்கன்னு ஒரு பதட்டம்தான். வைபர்ல ஒரு போஸ்டர் அனுப்பி வச்சாரு.

அது நாங்க.

எங்க டிரம்மர் தம்பி ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு ராத்திரில செஞ்ச போஸ்டர், கீழ அவன் நம்பர், அப்ப இருந்த பழைய ரேட்டு, பேருக்குப் பின்னாடி நெருப்பு எரியுது, போட்டோல இப்ப மலேசியா போயிட்ட பழைய பாட்டுக்காரர் நிக்கிறாரு. மாமாகிட்ட "அதுவும் நாங்கதான்"னு சொன்னா நம்பவே இல்ல, நான் ரேட்ட கொறைக்க கதை விடறேன்னு நெனச்சாரு. கடைசில டிரம்மர்கிட்ட பேசி பழைய ரேட்டுக்கே புக் பண்ணிட்டாரு, கல்யாணத்தன்னைக்கு மேடைல என்னைப் பாத்துட்டு "நீங்க இந்த பேண்டுலயும் வாசிக்கிறீங்களா"ன்னு கேட்டாரு பாருங்க, அன்னைக்கு முடிவு பண்ணேன் இத சரி பண்ணியே ஆகணும்னு.

ரங்கூன்ல நமக்கு சீசன் எப்படின்னு இங்க இருக்கறவங்களுக்குத் தெரியும். ஆடில நம்மாளுங்க கல்யாணம் வைக்க மாட்டாங்க, பர்மாக்காரங்களுக்கு வாசோ மாசத்துலருந்து தடின்ஜுட் மாசம் வரைக்கும், ஏறக்குறைய ஜூலைலருந்து அக்டோபர், புத்த விரத காலம், மூணு மாசம் கல்யாணமே கெடையாது, ரெண்டும் மழையோட சேந்து வந்து நம்மள வீட்லயே ஒக்கார வச்சுடும். அந்த மழைக்காலத்துலதான் வேலைய ஆரம்பிச்சோம். லேப்டாப் என்கிட்ட இருக்கு, அதனால நான்தான் டிசைனர், வேற தகுதி எதுவும் கெடையாது.

மொதல்ல இதுவரைக்கும் நாங்க போட்ட போஸ்டர், பேனர், விசிட்டிங் கார்டு, ஃபேஸ்புக் கவர் எல்லாத்தையும் தேடி எடுத்து ஒரே பக்கமா ஒட்டிப் பாத்தேன். பதினாலு இருந்துச்சு. பதினாலும் பதினாலு பேண்டு மாதிரி இருந்துச்சு. மாமா மேல இருந்த கோவம் அன்னைக்கே போயிடுச்சு.

பேருலருந்தே கோளாறு. எங்க பேரு இங்க எழுத மாட்டேன், சின்னதா ஒரு தமிழ் வார்த்தை, நடுவுல ஒரு ழ இருக்கு. வச்சப்ப பெருமையாதான் இருந்துச்சு. ஆனா பர்மீஸ்ல ழ கெடையாது. ஒரு போஸ்டர்ல ல போட்டிருக்கோம், ஒண்ணுல ய, ஒண்ணுல பர்மா ர எழுத்து, அந்த ர எழுத்த இங்க யன்னுதான் படிப்பாங்க, அதனாலதான ரங்கூன் யாங்கோன் ஆச்சு. இங்கிலீஷ்ல ஒண்ணுல எல், ஒண்ணுல இசட் எச். ஒரே பேருக்கு அஞ்சு ஸ்பெல்லிங். ஃபேஸ்புக்ல தேடறவன் எதத் தேடுவான்? ஒரு பர்மாக்கார அக்கா எங்க பேஜ கண்டுபிடிக்க முடியாம மூணு நாள் தேடிருக்காங்க, அவங்க புக்கிங் குடுக்க வந்தவங்க.

அதனால முதல் முடிவு, டிசைனே இல்ல, ஸ்பெல்லிங். பர்மீஸ்ல ஒண்ணு, இங்கிலீஷ்ல ஒண்ணு, அவ்ளோதான். நாங்க அஞ்சு பேரு டீக்கடைல ஒக்காந்து ரெண்டு மணி நேரம் சண்டை போட்டோம். கீபோர்டு அண்ணன் இசட் எச் தான் சரி, தமிழ்நாட்லயே அப்படித்தான் எழுதறாங்கன்னு நின்னாரு, நான் சொன்னேன், அண்ணே இந்த ஊர்ல அத யாரும் படிக்க மாட்டாங்க, பாக்கறவன் ஜன்னு சொல்வான்னு. டீ ஊத்தற பையன்கிட்ட எழுதிக் காட்டினோம், அவன் ஜன்னுதான் படிச்சான். எல் ஜெயிச்சுது. அண்ணன் ஒரு வாரம் பேசல.

லோகோ வேணும்னதும் ஆளாளுக்கு ஆரம்பிச்சாங்க, வேல் போடலாம், மயில் போடலாம், சிவன் கைல கிடாரு. நான் சாமியே வேணாம்னுட்டேன். போஸ்டர் கிழிஞ்சு மழைல ரோட்ல கெடக்கும், நோட்டீஸ மண்டபத்துல மிதிச்சுட்டுப் போவாங்க, அதுல முருகன் இருந்தா யாருக்கு மனசு கேக்கும். அதோட இந்த ஊர்ல இது வெளையாட்டு இல்ல. 2014 டிசம்பர்ல இங்க ஒரு பார்ல விளம்பரத்துக்காக புத்தர் படத்துக்கு ஹெட்போன் மாட்டி ஃபேஸ்புக்ல போட்டாங்க, அத எடுத்துட்டு மன்னிப்பும் கேட்டாங்க, அப்படியும் 2015 மார்ச்ல மூணு பேருக்கு ரெண்டரை வருஷம் தண்டனை. அதுல ஒருத்தர் நியூசிலாந்துக்காரர். இது அவங்க சாமி, நம்ம சாமின்னு இல்ல, மியூசிக்குக்கு போஸ்டர் போடறவன் யாரா இருந்தாலும் அந்தப் பக்கமே போகாம இருக்கறது நல்லது.

கடைசில அந்த ழ வே லோகோ ஆயிடுச்சு. தொல்லை குடுத்த எழுத்த தூக்கி நடுவுல வச்சோம். பர்மீஸ்ல எழுத்துக்கு சாலோன்னு பேரு, அந்த லோன்ங்கறது உருண்டைன்னு அர்த்தம், அவங்க எழுத்து முழுக்க வட்டமா ஓடும். நம்ம ழ வோட கீழ் சுழிய கொஞ்சம் வட்டமாக்கி பிரஷ்ல ஒரே இழுப்புல எழுதினா, பக்கத்துல பர்மீஸ் வரி நிக்கும்போது ரெண்டும் அக்கா தங்கச்சி மாதிரி இருக்கு. நான் நாப்பது தடவ எழுதிப் பாத்தேன். நல்லா வந்தது பதினேழாவதுதான், மீதி இருபத்தி மூணும் ஆசைக்கு எழுதினது.

எழுதின பேப்பர போன்ல போட்டோ எடுத்து, வெக்டரா மாத்தி வச்சுக்கிட்டேன். வெக்டர்னா எவ்ளோ பெருசாக்கினாலும் உடையாது, சட்டைல கையளவும் அடிக்கலாம், மேடைக்குப் பின்னாடி இருபது அடிக்கும் அடிக்கலாம். அப்புறம் அத போன்ல நகம் அளவுக்கு சின்னதாக்கிப் பாத்தேன். ஏன்னா ஃபேஸ்புக் கமெண்ட்ல நம்ம படம் அவ்ளோதான் தெரியும், அதுவும் வட்டமா வெட்டிடுவான். பழைய லோகோல கிடாரு, மைக்கு, அஞ்சு ஸ்டாரு, முழுப் பேரு எல்லாம் இருந்துச்சு, அந்த சைஸ்ல பாத்தா ஈ ஒக்காந்த மாதிரி இருக்கும். ழ மட்டும் தெரிஞ்சுது. ரோலிங் ஸ்டோன்ஸ்னு இங்கிலாந்து ராக் பேண்டு, அவங்க லோகோ அந்த நாக்கு இருக்கே, 1970ல ஜான் பாஷ்னு ஒரு ஆர்ட் ஸ்டூடண்ட் அம்பது பவுண்டுக்கு வரைஞ்சு குடுத்தது, பேரே இல்லாம இன்னைக்கும் நாக்க பாத்தாலே தெரியுதுல்ல. நாங்க அவங்க கிடையாது, எனக்கு அம்பது பவுண்டும் யாரும் தரல, விடுங்க.

கலருக்கு வருவோம். சிவப்பும் வேணாம் பச்சையும் வேணாம்னு ஒரே மனசா முடிவாச்சு, ஒண்ணு கட்சிக் கலரு, ஒண்ணு பட்டாளத்துக் கலரு, இங்க இருக்கறவங்களுக்கு அதுக்கு மேல சொல்லத் தேவையில்ல. மஞ்சள். நம்ம வீட்டு மஞ்சளும் ஆச்சு, பர்மா புத்தாண்டு திஞ்ஜான் சமயத்துல பூக்கற பதாவ் பூவும் ஆச்சு, ரெண்டு பேரும் தன்னோடதுன்னு நெனச்சுக்கட்டும். கூட ஒரு கருநீலம். அவ்ளோதான் ரெண்டே கலரு, எழுத்துக்கு வெள்ள. டிரம்மர் தம்பிக்கு இது புடிக்கல, "அண்ணே, இன்னொரு கலரு, ஒரே ஒரு பிங்க்"குன்னு இன்னைக்கு வரைக்கும் கேக்கறான்.

முதல் பேனர் பிரிண்ட் ஆகி வந்தப்ப நீலம் கத்திரிக்காய் கலர்ல இருந்துச்சு. ஸ்கிரீன்ல நீலம், கைல ஊதா. கடைக்காரரு மேல பாயலாம்னு போனேன், அவரு அமைதியா ஃபைல தொறந்து காட்டினாரு, நான் சையான்ங்கற நீல மை நூறு, மெஜந்தாங்கற சிவப்பு மை நூறுன்னு குடுத்திருக்கேன், அப்படிக் குடுத்தா ஊதாதான் வரும், மெஜந்தாவ எழுபதுக்கு இறக்குங்கன்னாரு. இறக்கினோம், நீலமாயிடுச்சு. ஸ்கிரீன் வெளிச்சத்துல கலரு காட்டுது, பிரஸ்ல மைல காட்டுது, ரெண்டும் வேற வேற கணக்கு, இது தெரியாமதான் இத்தன வருஷம் ஒவ்வொரு பேனரும் ஒவ்வொரு கலர்ல வந்திருக்கு. இப்ப ரெண்டு கலரோட நம்பரையும் ஒரு சீட்டுல எழுதி லேப்டாப் மூடில ஒட்டி வச்சிருக்கேன். இன்னொண்ணும் அவரேதான் சொன்னாரு, வெயில்ல தொங்கற வினைல்ல மொதல்ல போறது மஞ்சளும் மெஜந்தாவும்தானாம். ரோட்ல பழைய போஸ்டர் எல்லாம் ஏன் வெளிறிப்போன நீலமா இருக்குன்னு அன்னைக்குதான் புரிஞ்சுது. மஞ்சள எடுத்தவன் தலைல இது விழுந்துடுச்சு, அதனால வெளிய கட்டற பேனர்ல பின்னணி நீலம், மஞ்சள் ழக்கு மட்டும்.

எழுத்து விஷயத்துல நாங்க பட்ட பாட்ட தனியா எழுதலாம். தமிழ் சரியா ஏறாத சாஃப்ட்வேர்ல தமிழ ஒட்டினா கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் போயிடும். "கச்சேரி"ல ச வுக்கு முன்னாடி நிக்க வேண்டிய கொம்பு பின்னாடி போய் நின்னுடுச்சு, பிரஸ்ல இருக்கற பையனுக்கு தமிழ் தெரியாது, கொம்பு எங்க இருந்தா அவனுக்கென்ன, அப்படியே ஆறு அடிக்கு அடிச்சுட்டான். காளி கோவில் தெருவுல ரெண்டு நாள் தொங்குச்சு, பாத்தவங்க எல்லாரும் போன் பண்ணி சொன்னாங்க, கச்சேரிக்கு வந்தவங்கள விட போன் பண்ணவங்க ஜாஸ்தி.

பர்மீஸும் சும்மா இல்ல. இங்க ரொம்ப வருஷமா எல்லார் போன்லயும் சொஜிங்கற பழைய ஃபான்ட் எழுத்துதான், 2019 அக்டோபர் 1ல அரசாங்கம் யூனிகோடுக்கு மாறுச்சு. ரெண்டும் பாக்க ஒரே மாதிரி, உள்ள வேற. நம்ம ஊர்க்காரங்க பாமினிங்கற பழைய தமிழ் ஃபான்ட்ல டைப் பண்ணி யூனிகோடுல தொறந்தா எப்படி இருக்குமோ அந்தக் கதைதான். எங்க பாஸ் கிடாரு அண்ணன் பழைய போன்ல சொஜில டைப் பண்ணி அனுப்புவாரு, நான் யூனிகோடு ஃபான்ட்ல ஒட்டுவேன், எழுத்து குப்பையாயிடும், எனக்கு பர்மீஸ் பேச வர்ற அளவுக்கு வேகமா படிக்க வராது, அப்படியே அனுப்பிடுவேன். ஒரு விசிட்டிங் கார்டு ஐநூறு அடிச்சு ஐநூறும் பழைய பேப்பர்காரனுக்குப் போச்சு. தப்பு என்னோடது.

இப்ப ஒரே சட்டம். பிரஸ்ஸுக்கு எழுத்தாப் போகாது, எல்லாத்தையும் அவுட்லைனா மாத்தி படமாத்தான் போகும், அதுக்கு முன்னாடி தமிழ என் அம்மா படிக்கணும், பர்மீஸ பக்கத்து வீட்டு டீச்சர் படிக்கணும். அம்மா படிச்சு முடிச்சுட்டு "ஏன்டா பேர இவ்ளோ சின்னதா போட்டிருக்க"ன்னு ஒரு கேள்வியும் கேப்பாங்க, அது இலவசம்.

ஃபான்டுக்கு நான் ரொம்ப ஆசப்பட்டது கேட்டமரான், பேரே நம்ம கட்டுமரம்தான், மெலிசுலருந்து தடிமன் வரைக்கும் ஒம்போது அளவு இருக்கு. ஆனா அதுல பர்மீஸ் கெடையாது. பர்மீஸுக்கு பதாவ்னே ஒரு ஃபான்ட் இருக்கு, பூ பேருன்னு ஆசையா எடுத்துப் பாத்தா சாதா, போல்டு ரெண்டுதான், கட்டுமரத்தோட தடிமனுக்கு ஒத்து வரல, ஒருத்தன் குண்டா ஒருத்தன் ஒல்லியா ஒரே பெஞ்சுல ஒக்காந்த மாதிரி. கடைசில நோட்டோவுக்கு வந்தோம், தமிழ், பர்மீஸ், இங்கிலீஷ் மூணும் ஒரே குடும்பத்துல கெடைக்கும், காசும் கெடையாது. பர்மீஸ்ல எழுத்துக்கு கீழ எழுத்து அடுக்கி வரும், அதனால வரிக்கு வரி எடம் கூட விடணும். தமிழுக்கு அகலத்துல எடம் வேணும், "ஒருங்கிணைப்பாளர்"னு ஒரு வார்த்தைய போட்டா நோட்டீஸே முடிஞ்சுது. அதனால மூணுலயும் ஒரே விஷயத்த முழுசா எழுதறத நிறுத்திட்டோம். பேரு தமிழ்ல பெருசா, தேதியும் எடமும் பர்மீஸ்ல, போன் நம்பர் தனியா மஞ்சள்ல. யாருக்கு எது வேணுமோ அது அவங்க எழுத்துல.

போட்டோ ஒரே நாள்ல முடிஞ்சுது. கருப்பு சட்டை, அவங்கவங்க கைலி, எங்க வீட்டு மாடி சுவரு, காலைல ஏழு மணி வெளிச்சம். ஃபேஸ்புக் கவர்தான் படுத்துச்சு, கம்ப்யூட்டர்ல ஒரு அளவுல காட்டறான், போன்ல ரெண்டு ஓரத்தையும் வெட்டிடறான், ரெண்டுலயும் தப்பிக்கணும்னா எல்லாரும் நடுவுல நெருக்கி நிக்கணும். மொத தடவ ஓரத்துல நின்ன டிரம்மர் போன்ல பாதி காணாமப் போயிட்டான். நான்தான் அவன வேணும்னே வெட்டிட்டேன்னு சொல்றான்.

இப்ப நாலு டெம்ப்ளேட் இருக்கு, தேதியும் எடமும் மாத்தினா போதும், கரண்ட் இருக்கற ரெண்டு மணி நேரத்துல ஒரு போஸ்டர் முடிஞ்சுடும். ஃபைல் சைஸும் கொறச்சுத்தான் வைக்கிறோம், தடையத் தாண்ட வீபிஎன் போட்டு ஃபேஸ்புக் பாக்கறவங்களுக்கு பெரிய படம் லோடு ஆகறதுக்குள்ள கச்சேரியே முடிஞ்சுடும். பழைய போஸ்டர் பதினாலையும் பேஜ்லருந்து எடுத்துட்டோம், யாரோ ஷேர் பண்ணது மட்டும் இன்னும் எங்கயோ சுத்திக்கிட்டு இருக்கு.

போன வாரம் அதே மாமா போன் பண்ணாரு. ரெண்டாவது பொண்ணுக்கு நிச்சயம் ஆயிடுச்சாம். "தம்பி, போன தடவ வந்த செட்டு பரவால்ல, ஆனா இப்ப புதுசா மஞ்சள்ல ஒரு ழ போட்டு ஒரு செட்டு வந்திருக்காங்களே பாத்தீங்களா, பெரிய ஆளுங்க மாதிரி இருக்காங்க, ரேட்டு கொஞ்சம் கூடதான் இருக்கும் போல, உங்களுக்குத் தெரிஞ்சவங்களா இருந்தா பேசிக் குடுங்களேன்"ன்னாரு.

பேசிப் பாக்கறேன் மாமான்னு சொல்லிருக்கேன்.