குவாங்சோவில் ஒரு கசப்புக் கிண்ணம்

ஜூலை இரண்டாம் வாரம் குவாங்சோவில் இறங்கினோம். தெற்குச் சீனாவில் முத்து நதிக்கரை ஊர். வெயிலைவிடப் புழுக்கம்தான் ஆளைச் சாய்த்தது. மெட்ரோவுக்குள் ஏசி நடுங்க வைக்கும், மேலே ஏறி வந்தால் இரண்டே நிமிடத்தில் சட்டை தெப்பலாகிவிடும். தாகத்துக்கு ஐஸ் மிதக்கும் ஜூஸாகவே குடித்துக்கொண்டிருந்தேன். போதாததற்கு லிச்சி சீசன். இரவு ஒரு கிலோவை ஒரே மூச்சில் தின்றேன். மூன்றாம் நாள் தொண்டை கட்டிக்கொண்டது, வாயில் புண்.

அங்கே ஜவுளி வியாபாரம் செய்யும் நண்பன் என் முகத்தைப் பார்த்ததுமே "ஷாங் ஹுவோ" என்றான். தீ மேலே ஏறிவிட்டது என்று பொருள். நம் வீடுகளில் "உடம்புல சூடு ஏறிடுச்சு" என்பார்களே, கிட்டத்தட்ட அதேதான். ஒரு லிச்சிக்கு மூன்று தீ என்று அந்தப் பக்கம் சொலவடையே உண்டாம்.

ஹுவாங்ஷா மெட்ரோ நிலையத்தில் இறங்கி, சிங்பிங் மருந்துச் சந்தை வழியாக அழைத்துப் போனான். சாக்குச் சாக்காகக் காய்ந்த சாமந்திப் பூ, ஆரஞ்சுத் தோல், தாமரை இலை, கடற்குதிரைகூட இருந்தது. நாட்டு மருந்துக் கடை வாசனை தெரு முழுக்க.

சந்தையைத் தாண்டி ஒரு சந்தில் சின்னக் கடை. சுரைக்காய் வடிவத்தில் பளபளக்கும் பெரிய செம்புக் கொதிகலன், முன்னால் வரிசையாகக் கிண்ணங்கள். 'லியாங் சா' என்கிற குளிர்ச்சித் தேநீர். பெயர்தான் தேநீர், தேயிலை அநேகமாக இருக்காது. எல்லாம் மூலிகை. 1828-லேயே இதற்கென்று கடை திறந்த ஊர் இது. 2006-இல் சீன அரசு இதைத் தேசியப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

கடைக்கார அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். கேட்டதும் ஊற்றிக் கொடுக்கவில்லை. தூக்கம் எப்படி, வயிறு எப்படி என்று நண்பன் மூலமாக விசாரித்தார். நாக்கை நீட்டச் சொன்னார். ஓரமெல்லாம் சிவப்பு, நடுவில் மஞ்சளாக மாவு படிந்திருக்கிறதாம். "சூடும் ஈரமும்" என்று சொல்லி 'இருபத்து நான்கு சுவை' என்ற கஷாயத்தை நீட்டினார். கருப்பாக, வெதுவெதுப்பாக இருந்தது. நிலவேம்பு குடித்து வளர்ந்தவன் நான், எனக்கே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. குடித்து முடித்ததும் இனிப்பும் உப்புமாக ஒரு துண்டு ஆரஞ்சுத் தோல் கொடுத்தார்.

என் மனைவியும் கிண்ணத்துக்குக் கை நீட்டினாள். அந்த அம்மா அவள் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு மறுத்துவிட்டார். உள்ளங்கை சில்லென்று இருக்கிறது, குளிர்ந்த உடம்புக்கு இது ஆகாது, இஞ்சியும் காய்ந்த சிவப்பு இலந்தையும் கொதிக்கவைத்துக் குடி என்றார். அதே ஊர், அதே வெயில், ஒருவருக்குக் கசப்பு, ஒருவருக்கு இஞ்சி. எனக்கு இந்தச் சீன மருத்துவத்தின்மேல் மரியாதை வந்தது இந்த இடத்தில்தான்.

கோடையில் இஞ்சியா என்று எனக்கும் ஆச்சரியம். நண்பன் விளக்கினான். வெயில் காலத்தில் உடம்பின் சூடெல்லாம் தோல் பக்கம் வந்துவிடும், வயிறு உள்ளுக்குள் குளிர்ந்து கிடக்கும் என்பது அவர்கள் கணக்கு. அந்த வயிற்றில் ஐஸைக் கொட்டினால் செரிமானம் படுத்துவிடுமாம். "குளிர்காலத்தில் முள்ளங்கி, கோடையில் இஞ்சி" என்று பழமொழியே இருக்கிறது. சுமார் 2000 ஆண்டுப் பழமையான மஞ்சள் பேரரசர் மருத்துவ நூலும் கோடையில் சீக்கிரம் எழு, வெயிலை வெறுக்காதே, கோபப்படாதே, வியர்வையை வெளியேற விடு என்றுதான் சொல்கிறது. நான் ஏசியில் உட்கார்ந்து நேர் எதிராகச் செய்துகொண்டிருந்தேன்.

அப்புறம் சாப்பாட்டை மாற்றினோம். மதியம் தோலோடு வேகவைத்த வெள்ளைப்பூசணி சூப். அதில் பார்லி போல முத்து முத்தாக 'யி மி' என்றொரு தானியம் போடுகிறார்கள், உடம்பில் தேங்கிய ஈரத்தை வடிக்குமாம். மாலையில் பச்சைப்பயறு வேகவைத்த தண்ணீர். பயறு குழைவதற்கு முன்பே, தண்ணீர் பச்சையாக இருக்கும்போது இறுத்துவிட வேண்டும். அதில்தான் குளிர்ச்சி அதிகம் என்கிறார்கள். நாள் முழுக்க வெந்நீர். மதியம் அரை மணி நேரத் தூக்கம். காலை ஆறு மணிக்கு ஷாமியன் தீவின் ஆலமர நிழலில் நடை, பெரியவர்கள் அங்கே தை சி என்கிற மெதுவான உடற்பயிற்சி செய்துகொண்டிருப்பார்கள். தலைசுற்றல், காய்ச்சல் என்று வெயில் தாக்கிவிட்டால் மட்டும் கஷாயத்தை நம்பி உட்காராமல் ஆஸ்பத்திரிக்கு ஓடிவிடுங்கள். சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இந்த மூலிகைகளைத் தொட வேண்டாம்.

கிளம்பும் நாள் மறுபடி அந்தக் கடைக்குப் போனேன். வாய்ப்புண் ஆறியிருந்தது, ஆனாலும் ஊருக்குப் போகுமுன் இன்னொரு கிண்ணம் குடிக்க ஆசை. அந்த அம்மா நாக்கைப் பார்த்தார். கரண்டியைத் திரும்பக் கொதிகலன் மேலேயே வைத்துவிட்டார். "இன்றைக்கு உனக்கு வேண்டாம். போய்க் கஞ்சி குடி" என்றார்.