வாங்கில் ஏறி நின்றவன்

கணக்குச் சேரின் ஆண்டுத் திவசம் வருகிறது, நாலு வரி எழுதித் தா என்று மலர்க்குழு கேட்டது. நாங்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயரை எழுதினால் வெட்டிவிடுவார்கள். உங்களுக்குத் தெரியும்தானே.

நிகழ்தகவு தொடங்கிய நாள். வகுப்பில் 40 பேர். "இதில ரெண்டு பேருக்கு ஒரே பிறந்தநாள் வருமோ?" என்றார். "வருசத்துக்கு 365 நாள் கிடக்கு சேர், வராது" என்றேன். வாங்கில் ஏறச் சொன்னார். முன்வரிசையிலிருந்து ஒவ்வொருவராகப் பிறந்தநாள் சொல்லச் சொல்ல நான் மேலே நின்று கேட்டேன். கடைசி வரிசைக்குப் போக முன்னமே ஒரு சோடி அகப்பட்டுவிட்டது. 23 பேர் இருந்தாலே வாய்ப்புப் பாதிக்கு மேல், 40 என்றால் நூற்றுக்கு 89 என்று கரும்பலகையில் எழுதினார். "நீ ஆக்களை எண்ணினனி. சோடியை எண்ணடா, 780!" மணி அடித்தும் இறக்கவில்லை. பக்கத்து வகுப்புப் பெடியள் யன்னலில் தொங்கிக்கொண்டு பார்த்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கும்.

1999இல் ஒரு கலியாணத்துக்காக ரொறன்ரோவிலிருந்து பாரிஸ் போனேன். லாச்சப்பல் மெத்ரோப் படியால் இறங்குகிறேன், எதிரே முருங்கைக்காய்ப் பையோடு சேர்! மகளிடம் வந்திருந்தாராம். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"டேய், வாங்கில ஏறி நிண்டவன் எல்லே நீ?"

"என்ன சேர் இது! இவ்வளவு பெரிய உலகத்தில, இப்பிடி ஒரு சந்திப்பு!"

"உலகம் பெரிசுதான். நீ நிக்கிறது தமிழ்க் கடைத்தெரு. முருங்கைக்காய் வாங்க நான் வேற எங்க போறது?"

இரண்டாம் முறையும் வாங்கில் ஏறிய மாதிரித்தான் இருந்தது. ஆனால் மனிசன் சொன்னது சரி. 1984, 85இல் கிழக்கு பேர்லினில் விமானம் இறங்கி, பிரீட்றிக்ஸ்ட்றாச ரயில் நிலையத்தால் மேற்கு பேர்லினுக்கு அகதியாகப் போன எங்கள் ஆக்களைக் கேளுங்கள். எல்லோரிடமும் 'திடீரென்று கண்ட' ஒரு ஊரவர் கதை இருக்கும். சிதறினோம் என்கிறோம். சிதறியதும் இரண்டு மூன்று பாதையால்தான், போய்ச் சேர்ந்ததும் நாலைந்து தெருவுக்குத்தான்.

2002இல் யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 பாதை திறந்ததும் சேர் ஊருக்குத் திரும்பிவிட்டார். "இஞ்ச நான் ஆருக்குக் கணக்குப் படிப்பிக்கிறது?" என்றாராம். நாங்கள் ஒருவரும் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. வீட்டுக் கடன் இருந்தது, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் இருந்தது.

2011இல் போய்ப் பார்த்தேன். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் ஒரு மத்தியானம் முழுக்க நின்றும் தெரிந்த முகம் ஒன்றும் காணவில்லை என்று முறையிட்டேன். பதில் சொல்லவில்லை. எங்கள் வகுப்பில் ஊரோடு இருப்பவர்களைப் பெயர் சொல்லி விரல் மடக்கினார். இரண்டாம் கைக்கு வேலை வரவில்லை.

வெளிக்கிடும்போது மகளுக்கென்று ஒரு பை மிளகாய்த்தூள் தந்தார். நான் பாரிசுக்குப் போகவில்லை சேர், ரொறன்ரோவுக்கு என்றேன்.

"அதுக்கென்ன? லாச்சப்பல் போற ஆரையும் வழியில காணுவாய், குடுத்துவிடு."