பிளேடைக் கடைசியில் தேர்ந்தெடுத்த கதை

2010இல் எங்கள் அலுவலகத்தில் 400 மேசைக் கணினிகளை எடுத்துவிட்டு தின் கிளையன்ட் (திரையும் விசைப்பலகையும் மட்டும் இணையும் சிறு பெட்டி; வேலையெல்லாம் மைய சர்வரில் நடக்கும்) வைப்பதென்று முடிவானபோது, சர்வர் தேர்வு என் தலையில் விழுந்தது. பிளேடுகளுக்கு, அதாவது ஒரே கூட்டுக்குள் வரிசையாகச் செருகப்படும் மெல்லிய சர்வர்களுக்கு, மூன்று நிறுவனங்களின் விலைப்புள்ளிகள் வந்தன. மூன்றிலும் பிராசசரின் வேகமும் கோர்களின் எண்ணிக்கையும் முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் இருந்தன. நானும் அவற்றையே அடிக்கோடிட்டு ஒப்பீட்டு அட்டவணை தயாரித்தேன். இரண்டு வாரம் அதில் போனது.

அலுவலகப் பணியாளர் ஒருவர் பிராசசரை எவ்வளவு பயன்படுத்துகிறார் என்று ஒருநாள் முழுக்க அளந்து பார்த்தபோதுதான் சந்தேகம் எழுந்தது. கடிதம் படிக்கிறார், யோசிக்கிறார், நான்கு வரி தட்டுகிறார், தொலைபேசி எடுக்கிறார். பிராசசர் பெரும்பாலும் சும்மா இருக்கிறது. அதைப் பலர் பங்கிட்டுக்கொள்ளலாம். நினைவகம் அப்படியல்ல. சர்வருக்குள் மென்பொருளாலேயே உருவாகும் விண்டோஸ் 7 மெய்நிகர் கணினி ஆளுக்கொன்று என்றால், அவர் யோசித்தாலும் தட்டினாலும் அதற்கு 2 ஜிபி வேண்டும். ஒரே மாதிரியான நினைவகப் பக்கங்களைப் பகிர்ந்து மிச்சம் பிடிக்கும் வித்தை, ஒரே சர்வரில் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மென்பொருளான ஹைப்பர்வைசரிடம் உண்டு. அதை நம்பி நான் கணக்குப் போடவில்லை.

பிளேடின் உடம்போ ஒல்லி. நாங்கள் பார்த்த வகையில் நினைவகத்துக்கு 12 இடங்கள். 8 ஜிபி அட்டைகளால் நிரப்பினால் 96 ஜிபி. ஹைப்பர்வைசருக்குக் கொஞ்சம் ஒதுக்கினால் ஒரு பிளேடில் 44 பேர். 400 பேருக்குப் பத்து பிளேடு, பழுதுக்கு இரண்டு, ஆகப் பன்னிரண்டு. வேகமான பிராசசருக்குக் கூடுதல் பணம் கொடுத்திருந்தாலும் அந்த 44 நகர்ந்திருக்காது. பதிவு வேலை மட்டும் செய்பவர்களை ஒரே விண்டோஸ் சர்வரில் பலராக அமர்த்தும் பழைய டெர்மினல் முறைக்கு மாற்றியிருந்தால் பிளேடுகளின் எண்ணிக்கை இன்னும் குறைந்திருக்கும். அதற்கு ஒத்துவராத மென்பொருள் ஒன்று எங்களிடம் இருந்தது. வடிவமைப்புப் பிரிவினரை விட்டுவிட்டோம். அவர்களுக்குத் தேவையான பெரிய கிராபிக்ஸ் அட்டையை வைக்க பிளேடுக்குள் இடமில்லை.

இந்தக் கணக்கைப் பெருமையாகக் கொண்டுபோய், சேமிப்பகத்தைக் கவனித்துவந்த மூத்த சக ஊழியரிடம் காட்டினேன். தாளைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

"காலை ஒன்பது மணிக்கு எத்தனை பேர் உள்ளே வருவார்கள், தம்பி?"

"எல்லோரும்தான், சார்."

"அப்படியானால் பிளேடைப் பற்றி அப்புறம் பேசுவோம்."

அவர் பென்சிலால் போட்ட கணக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஒருவருக்கு நொடிக்குப் பத்து வட்டுச் செயல்கள், அதாவது வன்தட்டில் படிப்பதும் எழுதுவதும். 400 பேருக்கு 4,000. நிமிடத்துக்கு 15,000 சுற்று சுழலும் வன்தட்டு ஒன்று நொடிக்குச் சுமார் 180 செயல்களைத் தாங்கும். அப்படியானால் 23 தட்டுகள் போதுமே என்றேன். அவர் சிரித்தார். மெய்நிகர் மேசைகளில் படிப்பதைவிட எழுதுவதே அதிகம். ஐந்தில் நான்கு பங்கு எழுத்து என்று வைத்துக்கொண்டார். ஒரு தட்டு பழுதானாலும் தரவு தப்பும்படி பல தட்டுகளை இணைக்கும் ரெய்டு 5 அமைப்பில் சிறிய எழுத்து ஒவ்வொன்றும் தட்டளவில் நான்கு செயல்களாகிவிடும். 4,000 என்பது 13,600 ஆனது, 23 தட்டுகள் 75ஐத் தாண்டின. எதையும் இரண்டு தட்டுகளில் எழுதிவைக்கும் ரெய்டு 10 என்றால் 40. இதுவும் சாதாரண நேரத்துக்குத்தான். எல்லோரும் ஒரே நேரத்தில் உள்நுழையும் காலைப் புயல் இதில் சேரவில்லை. பிளேடுக்குள் இருந்த இரண்டே இரண்டு குட்டித் தட்டுகளை நம்பித் திட்டம் வரைந்திருந்த நான் தாளை மடித்து வைத்துக்கொண்டேன். மொத்தத் தொகையில் பெரிய பங்கு சேமிப்பகத்துக்குப் போனது. எல்லா மெய்நிகர் கணினிகளையும் ஏழரை மணியிலிருந்து சிறுசிறு கூட்டமாகத் தானாகவே இயக்கி வைக்கும் ஏற்பாட்டையும் அவர்தான் சொன்னார். அதற்குச் செலவே இல்லை.

மிச்சமிருந்தது பிளேடுகளைச் செருகும் கூடான சேசிஸ். 2001இல் ஆர்எல்எக்ஸ் நிறுவனம் 3யூ (சுமார் 13 செ.மீ.) உயரத்தில் 24 பிளேடுகளை அடைத்துக் காட்டியதிலிருந்தே நெருக்கம்தான் பிளேடின் பெருமை. எங்களுக்கோ இடத்துக்குப் பஞ்சமில்லை. மின்சாரத்துக்கும் குளிரூட்டலுக்கும்தான் பஞ்சம். நெருக்கி அடுக்கினால் சூடும் ஓரிடத்தில் நெருங்கும். தனித்தனிப் பெட்டிகளாக அடுக்கும் சாதாரண ரேக் சர்வர்களே போதாதா என்று ஒரு வாரம் ஊசலாடினேன். கேபிள் குறைவதும், பழுதான பிளேடை உருவிவிட்டு வேறொன்றைச் செருகிவிடலாம் என்பதும் தராசைச் சாய்த்தன.

நாங்கள் எடுத்த ஹெச்பி சி7000 சேசிஸில் 16 அரை உயர பிளேடுகள் அமரும். பன்னிரண்டும் ஒன்றிலேயே அடங்கும் என்பதால் விற்பனையாளர் ஒன்றைத்தான் பரிந்துரைத்தார். நான் இரண்டு கேட்டேன், ஆறு ஆறாகப் பிரிக்க. மேசைக் கணினி பழுதானால் ஒருவர் எழுந்து தேநீர் குடிக்கப் போவார். சேசிஸ் படுத்தால் அலுவலகமே எழுந்து நிற்கும். இரண்டாக இருந்தால் 264 பேராவது வேலை செய்யலாம். கொள்முதல் அதிகாரி, "காலி இடத்துக்கு எதற்குப் பணம், சார்?" என்று மூன்று முறை கேட்டார். மூன்றாவது முறை, ஒரு சேசிஸ் நின்றால் யார் யார் வேலையின்றி உட்கார்ந்திருப்பார்கள் என்று பிரிவுவாரியாகப் பட்டியலிட்டு எடுத்துப்போனேன். அதில் அவர் பிரிவும் இருந்தது. அன்று மாலையே கையெழுத்தாகிவிட்டது.