அரை கிரெடிட்

என் மகளுக்கு ஓடவும் குதிக்கவும் தெரியும் என்பதை டெக்சாஸ் மாநிலத்துக்கு நிரூபிக்க ஏழு மாதங்கள் ஆயின. கால்குலஸ், வேதியியல், அமெரிக்க வரலாறு என்று எதிலும் சிக்கல் இல்லை. சிக்கியது உடற்கல்வியில், அதுவும் அரை கிரெடிட்டில். படித்து முடித்த பாடத்துக்குப் பள்ளி கணக்கில் ஏற்றும் அலகுதான் கிரெடிட்.

2025 ஜனவரியில் தொடங்கிய கதை இது. அப்போது அவள் 11ஆம் வகுப்பு. இங்கே ஜூனியர் என்பார்கள். அடுத்த ஆண்டுக்கான பாடங்களைத் தேர்ந்தெடுக்கப் பள்ளிக் கவுன்சிலர், அதாவது மாணவர் ஆலோசகர், ஒவ்வொரு பிள்ளையையும் பத்து நிமிடம் பார்ப்பார். அவர் பொறுப்பில் 400 பிள்ளைகளுக்கு மேல் இருக்கிறார்கள். அந்தப் பத்து நிமிடமே பெரிது. "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று சொல்லி அனுப்பிவிட்டார். நானும் நம்பிவிட்டேன். என் மனைவி நம்பவில்லை. ரேஷன் அட்டையில் பதிந்து வந்ததைக்கூட வாசலில் நின்று வரிவரியாகச் சரிபார்க்கும் வீட்டில் பிறந்தவள் அவள். படித்த பாடங்களின் பதிவான டிரான்ஸ்கிரிப்ட்டை அச்செடுத்து, பள்ளியை முடிக்கத் தேவையான 26 கிரெடிட்டுகளின் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தாள். ஆங்கிலம் 4, கணிதம் 4, அறிவியல் 4, வேற்றுமொழி 2, நுண்கலை 1. உடற்கல்வியில் 1 இருக்க வேண்டிய இடத்தில் 0.5 இருந்தது.

நாங்கள் நியூஜெர்சியில் இருந்து வந்தவர்கள். 9ஆம் வகுப்பை அவள் அங்கே முடித்தாள். அங்கே முழு ஆண்டுப் பாடம் ஒன்றுக்கு 5 கிரெடிட், பள்ளியை முடிக்க 120 வேண்டும். இங்கே முழு ஆண்டுப் பாடத்துக்கு 1. ஐந்தால் வகுத்தால் தீர்ந்தது என்றுதான் நினைத்திருந்தோம். ஆனால் அங்கே உடல்நலமும் உடற்கல்வியும் சேர்ந்து ஒரே பாடம். இங்குள்ள அலுவலகத்தில் அதை நடுவில் பிளந்து, அரை உடல்நலம், அரை உடற்கல்வி என்று பதிந்துவிட்டார்கள்.

பதிவேட்டுப் பிரிவுக்குப் போனேன். அங்கிருந்த அம்மையார் திரையைப் பார்த்துவிட்டு, "இது ஒன்றரை வருடமாக இப்படித்தான் இருக்கிறது, இப்போதுதான் பார்த்தீர்களா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதனால்தான் இன்னும் உறுத்துகிறது. பழைய பள்ளியிலிருந்து பாட விவரத்தைக் கொண்டுவரச் சொன்னார். பழைய பள்ளிக்கு மூன்று மின்னஞ்சல் அனுப்பினேன், பதில் இல்லை. நான்காவதற்கு வந்தது: கோரிக்கையை ஃபேக்ஸில் அனுப்பவும். 2025இல் ஃபேக்ஸ் இயந்திரம் தேடி ஊரைச் சுற்றி, கடைசியில் ஒரு கூரியர் கடையில் பக்கத்துக்கு இவ்வளவு என்று கொடுத்து அனுப்பினேன். மார்ச் மாதம் தாள் வந்து சேர்ந்தது. உடற்கல்விக்கு 3.75, உடல்நலத்துக்கு 1.25.

வெற்றி என்று நினைத்துக்கொண்டு ஓடினேன். அம்மையார் கால்குலேட்டரைத் தட்டினார். 3.75ஐ ஐந்தால் வகுத்தால் 0.75. "எங்கள் கணினியில் முக்கால் என்று ஒன்று கிடையாது. அரை, இல்லாவிட்டால் ஒன்று." அப்படியானால் ஒன்று என்று போடலாமே என்றேன். "கீழேதான் இறக்குவோம்." தராசுத் தட்டு தாழ்ந்த பிறகும் ஒரு கை கத்தரிக்காயை அள்ளிப் போடும் விருதுநகர்ச் சந்தையில் வளர்ந்தவன் நான். முக்காலை அரையாக்கும் கணக்கு எனக்குப் புரியவில்லை.

இதில் கொடுமை என்னவென்றால், மகள் ஒன்பது ஆண்டுகளாக வாரம் மூன்று நாள் பரதம் ஆடுகிறாள். பள்ளிக்கு வெளியே எடுக்கும் பயிற்சியையும் உடற்கல்வியாகக் கணக்கில் எடுக்க இங்கே வழி இருக்கிறது. ஆனால் ஆண்டு தொடங்குவதற்கு முன்பே விண்ணப்பித்து அனுமதி வாங்கியிருக்க வேண்டுமாம். ஆடி முடித்த பிறகு கேட்டால் செல்லாது. நீச்சலோ டென்னிஸோ நடனமோ, பிள்ளை எதையாவது ஒழுங்காகக் கற்றுக்கொண்டிருந்தால் 9ஆம் வகுப்புக்கு முன்பே இந்தப் படிவத்தைக் கேட்டு வாங்குங்கள். யாரும் தானாகக் கொண்டுவந்து தரமாட்டார்கள்.

முடிவில் கோடை விடுமுறையில் இணையவழி உடற்கல்வி. கணினியின் முன் உட்கார்ந்து படிக்கும் உடற்கல்வி! "தசைகளும் அவற்றின் பணிகளும்" என்று காணொளி பார்த்து, நடந்த தூரத்தையும் நாடித்துடிப்பையும் அட்டவணையில் எழுதி அனுப்பினாள். ஆகஸ்டில் அரை கிரெடிட் ஏறியது. பணம் கட்டியது நான், நடந்தது அவள்.

அரை கிரெடிட்டுக்கு ஏன் இவ்வளவு ஆட்டம் என்று கேட்கலாம். டெக்சாஸில் 1997இல் வந்த சட்டம் ஒன்று இருக்கிறது. வகுப்பில் முதல் 10 சதவீதத்துக்குள் வரும் பிள்ளைக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் நேரடியாக இடம் உண்டு. ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் அந்த வரம்பு கடுமை. 6 சதவீதமாக இருந்ததை 2026ஆம் ஆண்டுச் சேர்க்கையிலிருந்து 5 ஆக்கிவிட்டார்கள். அறிவிப்பு வந்தது, மகள் ஜூனியர் வகுப்பில் கால் வைத்த 2024 செப்டம்பரில். இந்த நேரடி இடத்துக்குத் தரவரிசை மட்டும் போதாது. 26 கிரெடிட்டோடு 'டிஸ்டிங்விஷ்டு' என்ற உயர் நிலையில் பள்ளியை முடிக்க வேண்டும். உடற்கல்வியில் ஓட்டை விழுந்தால் கால்குலஸில் வாங்கிய நூறும் அதன் வழியாக ஒழுகிப் போய்விடும்.

தாளைப் புரட்டிய கையோடு மனைவி இன்னொன்றையும் பிடித்தாள். நியூஜெர்சியில் படித்த ஜியாமெட்ரியும் உயிரியலும் ஆனர்ஸ், அதாவது கடினம் கூட்டிய பாடங்கள். இங்கே சாதாரணப் பாடம் என்று ஏறியிருந்தன. ஆனர்ஸ் என்றால் சராசரியில் கூடுதல் புள்ளி, அதன்படிதான் தரவரிசை. இதற்கு ஒரு மேல்முறையீட்டுப் படிவம், இரண்டு மாதக் காத்திருப்பு, நடுவில் "உங்கள் படிவத்தைக் காணவில்லை" என்று ஒரு தொலைபேசி அழைப்பு. கையோடு முத்திரை போட்டு வாங்கிய நகல் இருந்ததால் பிழைத்தோம். அலுவலகத்தில் எதைக் கொடுத்தாலும் நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளும் நம் ஊர்ப் பழக்கத்தை இந்த நாட்டிலும் விட்டுவிடாதீர்கள்.

மே மாதம் திருத்தினார்கள். 612 பேரில் 33ஆவது இடத்தில் இருந்தவள் 31ஆவது இடத்துக்கு வந்தாள். 612இல் 5 சதவீதம் 30.6. உட்கார்ந்து நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், நான் அதை நிறையத் தடவை போட்டுவிட்டேன்.

கல்லூரிச் சேர்க்கைக்கு எழுதும் எஸ்ஏடி தேர்வு தனிக் கதை. அருகில் இருந்த மையங்கள் நிரம்பிவிட்டதால் 90 மைல் தள்ளி ஓர் ஊரில் இடம் கிடைத்தது. கதவை 8 மணிக்கு அடைத்துவிடுவார்கள் என்பதால் அதிகாலை ஐந்தரைக்குப் புறப்பட்டோம். மடிக்கணினிக்கு முழுச் சார்ஜ், தேர்வுச் செயலியில் முன்கூட்டியே செய்ய வேண்டிய வேலைகள், நுழைவுச்சீட்டு, இட்லி எல்லாம் தயார். வாசலில் அடையாள அட்டை கேட்டார்கள். மகள் கைப்பேசியை நீட்டினாள். அவர்கள் பள்ளியில் அடையாள அட்டை செயலியாகிப் பல நாளாகிவிட்டது. கையில் பிடிக்கக்கூடிய அசல் அட்டைதான் வேண்டும், திரையில் தெரிவது செல்லாது என்பது தேர்வின் விதி. நுழைவுச்சீட்டில் அச்சிட்டே இருந்தது. தவறு எங்களுடையதுதான். 68 டாலரும் 180 மைலும் போயின. திரும்பி வரும் வழியில் மூவரும் பேசவில்லை, இட்லியை மட்டும் சாப்பிட்டோம். அடுத்த முறை பள்ளியிலேயே, வேலை நாளில் நடத்திய தேர்வை எழுதினாள். உங்கள் பள்ளியில் அப்படி நடத்துகிறார்களா என்று முதலில் கேளுங்கள். தெரிந்த அறை, தெரிந்த மேசை, பயணமும் இல்லை.

இனி பெயர். தமிழர்கள் மட்டுமாவது இதைக் கவனமாகப் படியுங்கள். மகளின் முதல் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இல்லை. நம்மில் பலருக்கு இல்லாததுதான். அப்படியிருந்தால் அமெரிக்க விசாவில் அவள் பெயர் குடும்பப் பெயராகிவிடும், முதல் பெயர் என்ற இடத்தில் 'எஃப்என்யு', அதாவது முதல் பெயர் தெரியாது என்று அச்சாகும். பள்ளியில் அதை அப்படியே பதிந்தார்கள். ஓர் ஆசிரியர் ஒரு மாதம் அவளை "ஃப்னூ" என்றே கூப்பிட்டார். பிறகு பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும்போது என் பெயரைக் குடும்பப் பெயராகச் சேர்த்தோம். எஸ்ஏடிக்குப் புதுப் பெயரில் பதிந்தாள். பள்ளிப் பதிவேட்டில் பழைய பெயர். பல பல்கலைக்கழகங்களுக்கும் பொதுவான காமன் ஆப் விண்ணப்பத்திலோ நான் உதவி செய்கிறேன் என்று உட்கார்ந்து முதலெழுத்தையும் சேர்த்துவிட்டேன். ஒரே பெண் மூன்று பேராகிவிட்டாள். விளைவு, அக்டோபரில் ஒரு பல்கலைக்கழகத்தின் தளத்தில் "எஸ்ஏடி மதிப்பெண் வரவில்லை, டிரான்ஸ்கிரிப்ட் வரவில்லை" என்று சிவப்பில் நின்றது. இரண்டும் அங்கேதான் இருந்தன, வேறு இரண்டு பெண்களின் பெயரில். ஜூனியர் ஆண்டிலேயே பாஸ்போர்ட், பள்ளிப் பதிவு, தேர்வுப் பதிவு மூன்றையும் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக்கிவிடுங்கள். 12ஆம் வகுப்பில் அதற்கு நேரம் கிடைக்காது.

அதே தளம், அவள் எச்-4 விசாவில், அதாவது வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தினருக்கான விசாவில், இருப்பதைப் பார்த்து வெளிநாட்டிலிருந்து வரும் மாணவி என்று எடுத்துக்கொண்டு, வங்கி இருப்புச் சான்றும் கேட்டது. இங்கேயே குடியிருந்து வரி கட்டும் குடும்பம் என்பதை விளக்க மூன்று தொலைபேசி அழைப்புகள், வாடகை ஒப்பந்தம், விசா ஒப்புதல் தாள் எல்லாம் தேவைப்பட்டன. மாநிலத்தவருக்கான கட்டணமா, வெளியாருக்கான கட்டணமா என்பது இதில்தான் தீர்மானமாகிறது. முதல் அழைப்பில் "முடியாது" என்றவரும் மூன்றாவது அழைப்பில் "தாராளமாக" என்றவரும் ஒரே அலுவலகத்தவர்.

பள்ளியை முடிக்க இன்னொரு தாளும் வேண்டும். கல்வி நிதியுதவிப் படிவத்தை நிரப்பியதற்குச் சான்று தர வேண்டும் என்பது டெக்சாஸ் விதி. கவுன்சிலர், "ஃபாஃப்சாவை நிரப்பிவிடுங்கள், அரை மணி நேரம்தான்" என்றார். எச்-4 பிள்ளைகளுக்கு அந்த மத்திய அரசு உதவி கிடையாது, மகளுக்குச் சமூகப் பாதுகாப்பு எண்ணும் கிடையாது. ஒரு மாலை முழுவதும் மல்லுக்கட்டிய பிறகுதான், நிதியுதவி வேண்டாம் என்று பெற்றோர் கையெழுத்திட்டுத் தரும் ஒரு பக்கப் படிவம் இருப்பது தெரிந்தது. இரண்டு நிமிட வேலை.

பரிந்துரைக் கடிதங்கள் சுலபமாக முடிந்தன, மே மாதமே கேட்டுவிட்டதால். செப்டம்பரில் போய்க் கேட்ட அவள் தோழிக்கு "என் எண்ணிக்கை முடிந்துவிட்டது" என்று பதில் வந்தது. கடிதத்தைப் பார்க்கும் உரிமையைத் துறக்கிறேன் என்று காமன் ஆப்பில் ஒரு கட்டம் இருக்கும். உரிமையை எதற்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்று நான் தடுத்தேன். மகள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு டிக் அடித்தாள். அவள் செய்ததுதான் சரி; மாணவி பார்க்கமாட்டாள் என்று தெரிந்தால்தான் கடிதத்துக்கு மதிப்பு.

விண்ணப்பத்தோடு தரும் 650 சொல் கட்டுரையைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. என் அப்பா வாடகைச் சைக்கிளில் என்னைப் பொறியியல் கலந்தாய்வுக்கு ரயிலேற்ற அழைத்துப் போனதைப் பற்றி எழுதச் சொன்னேன். "அப்பா, அது உங்கள் கட்டுரை" என்றாள். முக்கால் கிரெடிட்டைப் பற்றி எழுதினாள். நன்றாகவே எழுதியிருந்தாள் என்று பிற்பாடு அவள் அம்மா சொன்னாள், எனக்குக் காட்டவில்லை.

முதல் 10 சதவீதத்துக்குள் இருந்ததால் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் சிரமமில்லாமல் இடம் கிடைத்தது. ஆஸ்டினுக்கு மற்றவர்களோடு வரிசையில் நின்று, சென்ற மாதம் அங்கிருந்தும் கிடைத்துவிட்டது, அவள் இரண்டாவதாகக் கேட்டிருந்த துறையில். எதற்குப் போவது என்று, முடிவைச் சொல்ல வேண்டிய மே 1 வரை வீட்டில் பட்டிமன்றம் நடக்கும்.

இளையவன் வரும் ஆகஸ்டில் 9ஆம் வகுப்புக்குப் போகிறான், நீச்சல் கற்கிறான். வெளிப் பயிற்சியை உடற்கல்வியாக ஏற்கக் கோரும் படிவத்தை என் மனைவி நேற்றே வாங்கி வந்துவிட்டாள். மாணவர் பெயர் என்ற கட்டத்தை நிரப்ப என்னை விடவில்லை. பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு அவளே எழுதினாள். கொடுக்கப் போகும்போது இரண்டு நகல் எடுத்துப் போகச் சொல்லியிருக்கிறாள்.