துத்தநாகம் பூசிய கம்பியை இழுத்துப் பார்த்த கதை

புல்-அவுட் சோதனை என்பது கான்கிரீட் கியூபுக்குள் (கனசதுரக் கட்டிக்குள்) புதைந்த கம்பியை மெஷினில் மாட்டி இழுத்து, கான்கிரீட் அதை எவ்வளவு இறுகப் பிடித்திருக்கிறது என்று பார்ப்பது, அவ்வளவுதான். துத்தநாகம் பூசினால் அந்தப் பிடிப்பு குறையுமா என்பதுதான் என் கேள்வி. ஆனால் இழுப்பதற்கு முந்தைய வேலைதான் உயிரை வாங்கும். எம்.இ. ப்ராஜெக்டுக்கு நான் எடுத்துக்கொண்டது கட்டடங்களில் போடும் 16 மி.மீ. டிஎம்டி முறுக்குக் கம்பி, சாதாரணக் கம்பி ஒரு பக்கம், துருப்பிடிக்காமல் இருக்க 450 டிகிரி வாக்கில் உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்தது இன்னொரு பக்கம். இரண்டும் ஒரே நீளக் கம்பியிலிருந்து வெட்டியவையாக இருக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தேன், ஏனென்றால் கான்கிரீட்டைப் பெருமளவு பிடித்து நிறுத்துவது கம்பியின் மேல் எழும்பி நிற்கும் வரிகள்தான், வரியின் உயரம் மாறினாலே கணக்கு மாறிவிடும், அப்புறம் வித்தியாசம் துத்தநாகத்தால் வந்ததா வரியால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

பூசிக் கொடுத்த இடத்தில், பூசியபின் குரோமேட் என்ற குரோமியம் உப்புக் கரைசலில் முக்கினீர்களா என்று கேட்டால் "அதெல்லாம் பண்ணியாச்சு சார்" என்றார்கள், கையில் காகிதம் ஒன்றும் தரவில்லை. இது சின்ன விஷயம் இல்லை. ஈரக் கான்கிரீட்டின் காரத்தில் துத்தநாகம் கரைந்து ஹைட்ரஜன் வாயுவை விடும். அந்தக் குமிழிகள் கம்பியைச் சுற்றி நுண்ணிய பொத்தல்களாக நின்றுவிடலாம், போதாததற்குக் கரைந்த துத்தநாகம் பக்கத்திலுள்ள சிமெண்ட் இறுகுவதையும் தாமதமாக்கும். குரோமேட் இதைத்தான் அடக்குகிறது.

இந்தச் சோதனைக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 2770 படி இந்தக் கம்பிக்கு 150 மி.மீ. கியூப், உள்ளே 6 மி.மீ. கம்பியில் 25 மி.மீ. இடைவெளி விட்டுச் சுற்றிய சுருள். சுருள் எதற்கு என்று அலுத்துக்கொள்பவர்கள் அது இல்லாமல் ஒன்றை இழுத்துப் பாருங்கள், கம்பி வழுக்கும் முன்பே கியூப் இரண்டாகப் பிளந்துவிடும். கம்பி செங்குத்தாக நிற்க வேண்டும், வார்த்த மேல்முகம்தான் மெஷின் தகட்டில் அழுந்தும் என்பதால் அது மட்டமாகவும் இருக்க வேண்டும். கம்பி நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும்போது கரண்டியால் மட்டம் தட்டிப் பார்த்தால்தான் அந்தக் கொடுமை தெரியும்.

இழுக்கும்போது எல்லோரும் உச்சபட்ச லோடைத்தான் பார்க்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது அடியில் 10 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கும் நுனியில் வைத்த டயல் கேஜ், அதாவது கம்பி எவ்வளவு நகர்கிறது என்று காட்டும் முள் மானி. நுனி 0.025 மி.மீ. நகரும்போது என்ன லோடு? புதைந்த பரப்பு சுமார் 7,540 சதுர மி.மீ., ஆகவே 60 கிலோநியூட்டன் என்றால் பிடிப்பு கிட்டத்தட்ட 8 மெகாபாஸ்கல். 100 கிலோநியூட்டனைத் தாண்டினால் எஃப்இ 500 தரக் கம்பியே (500 மெகாபாஸ்கல் வரை தாங்குவது) நிரந்தரமாக நீள ஆரம்பித்துவிடலாம், அதற்குமேல் வரும் எண்ணில் கான்கிரீட்டின் பிடிப்பைத் தேடிப் பயனில்லை.

வார்த்த ஏழாம் நாள் இழுத்ததில், பூசிய கம்பி பின்தங்கியது. நல்லவேளை, அத்தோடு முடிவு எழுதவில்லை. 28ஆம் நாள் உச்ச லோடில் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை, நுனி நகர்வும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருந்தது. வரியில்லாத மொழுக்குக் கம்பியையும் கூடவே வார்த்திருந்தால் துத்தநாகத்தின் பங்கு தனியாகத் தெரிந்திருக்கும், அடுத்த பேட்ச் பசங்களிடம் சொல்லியிருக்கிறேன். பூசும் இடத்தில் குரோமேட்டுக்குக் காகிதம் வாங்கச் சொல்லியும்தான்.