செட்டாக இருக்கும் பழைய காசுகளை கிரேடிங்குக்கு அனுப்பலாமா? நான் போட்டுப் பார்த்த கணக்கு

ரொம்ப நாளாக இழுத்துக்கொண்டிருந்த வேலை இது. இந்த மாதம் உட்கார்ந்து மூன்று செட்டையும் லென்ஸ் வைத்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். கிரேடிங் என்றால் காசின் நிலையைப் பார்த்து மார்க் போடுவது. அதைச் செய்கிற என்ஜிசி, பிசிஜிஎஸ் இரண்டும் அமெரிக்கக் கம்பெனிகள், 1 முதல் 70 வரை மார்க் போட்டு ஸ்லாபில், அதாவது சீல் வைத்த பிளாஸ்டிக் உறையில், அடைத்துத் தருவார்கள் என்பது சேகரிப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் கட்டணம் ஒவ்வொரு காசுக்கும் தனித்தனி. செட்டுக்கு இவ்வளவு என்று கிடையாது. முதலில் மனதில் வைக்க வேண்டியது அதைத்தான்.

முதலில் எடுத்தது 1969 காந்தி நூற்றாண்டு புரூஃப் செட் (சேகரிப்பவர்களுக்காகக் கண்ணாடிப் பளபளப்போடு தனியாக அடித்தது), பம்பாய் மின்ட், அதாவது நாணயச் சாலை. ஒன்பது காசு. அதில் 1, 2, 3, 5 பைசா நான்கும் அலுமினியம், 70 மார்க்கே வாங்கினாலும் கட்டணத்தைத் திருப்பித் தருமா என்பது சந்தேகம். கண்ணுக்குப் பட்டது பத்து ரூபாய்தான். 15 கிராம் எடை, 80 சதவீத வெள்ளி, அதாவது சுத்த வெள்ளி 12 கிராம். விளக்கொளியில் சாய்த்துப் பிடித்தால் காந்தி முகத்துக்கு முன்னால் இருக்கும் வெற்றிடம் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும். என்னுடையதில் அங்கே பால் சிந்திக் காய்ந்ததுபோல ஒரு மங்கல். உயர்ந்த புரூஃப் மார்க் வராது. அப்படியே நல்ல மார்க் வந்தாலும், அதற்காக ஒரு காசை மட்டும் வெளியே எடுத்தால் மின்ட் பெட்டியில் ஓட்டை விழுந்துவிடும், மிச்சம் எட்டையும் யாரும் செட் விலைக்கு வாங்க மாட்டார்கள். பெட்டியோடு இருக்கும் வரைக்கும்தான் அதற்கு மதிப்பு. இது அனுப்பப் போவதில்லை.

இரண்டாவது, 1950 அணா செட். குதிரை போட்ட பைசாவிலிருந்து ரூபாய் வரை ஏழு காசு. இது மின்ட் செட் இல்லை, யாரோ ஒவ்வொன்றாகச் சேர்த்து ஆல்பத்தில் போட்டது, அதனால் பிரிப்பதில் நஷ்டம் இல்லை. இங்கேதான் நேரம் போனது. பைசா வெண்கலம், புளி போட்டுத் தேய்த்த மாதிரி ஒரே சீராகப் பளபளக்கிறது, லென்ஸில் பார்த்தால் முடி மாதிரி மெல்லிய கோடுகள் ஒரே திசையில் ஓடுகின்றன. இதற்கு நம்பரே கிடைக்காது, 'டீட்டெய்ல்ஸ், கிளீன்ட்', அதாவது தேய்த்துச் சுத்தம் செய்த காசு என்று எழுதித் திருப்பிவிடுவார்கள். இரண்டணாவில் ஆல்பத்தின் மெத்தென்ற பிவிசி பிளாஸ்டிக் கசிந்து பச்சையாகப் பிசுபிசுப்பு. சுத்தமான அசிட்டோனில் முக்கி எடுத்தேன், தேய்க்கவில்லை, பிசுபிசுப்பு போய்விட்டது. ஆனால் அடியில் உலோகத்தையே லேசாக அரித்திருக்கிறது, அதனால் இதுவும் போகாது.

ரூபாய் மட்டும் வேறு ரகம். நிக்கல் என்பதால் காந்தத்தில் சட்டென்று ஒட்டுகிறது, அந்தச் சோதனை முடிந்தது. முதலில் தேயும் இடங்கள் சிங்கத்தின் மார்பும் கோதுமைக் கதிரின் நுனியும். இரண்டும் கூர்மையாக இருக்கின்றன. சாய்த்துச் சுழற்றினால் ஒளி காசைச் சுற்றி ஓடுகிறது. தேய்த்த காசில் இது வராது.

அப்புறம் விலைக் கணக்கு. ஏலங்களில் கேட்ட விலையைப் பார்க்காதீர்கள், விற்ற விலையைப் பாருங்கள். ஸ்லாப் இல்லாத காசு என்ன விலைக்குப் போனது, ஸ்லாபில் போனது என்ன விலை, அந்த வித்தியாசத்திலிருந்து கட்டணம், இன்ஷூரன்ஸ், போக வர கூரியர், நடுவில் டீலர் எடுப்பது எல்லாவற்றையும் கழிக்க வேண்டும். கண்ணுக்கு 65 என்று தோன்றினால் 63 என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். அப்படிப் போட்டும் கொஞ்சம் மிஞ்சினால்தான் அனுப்ப வேண்டும். இந்த ரூபாய்க்கு மிஞ்சுகிறது.

மூன்றாவது, ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் வரிசை, 1911 முதல் 1922 வரை. எனக்குப் பிடித்ததே இதுதான். 1911-இல் ராஜாவின் அங்கியில் இருக்கும் யானை பன்றி மாதிரி இருக்கிறது என்று எதிர்ப்பு கிளம்பி, அடுத்த வருடம் யானையைத் திருத்தி அடித்தார்கள். 1911-ஐயும் 1912-ஐயும் பக்கத்தில் வைத்தால் தும்பிக்கை நீண்டிருப்பது நன்றாகத் தெரியும். எடை 11.66 கிராம், தராசில் சரியாகவே நிற்கின்றன.

ஆனால் இவற்றை அமெரிக்காவுக்கு அனுப்ப முடியாது, அனுப்பவும் கூடாது. தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டம், 1972 படி நூறு வயது தாண்டிய காசு தொல்பொருள். மத்திய அரசோ அது அதிகாரம் கொடுத்த அமைப்போ தவிர வேறு யாரும் அதை ஏற்றுமதி செய்வது குற்றம். கிரேடிங் முடிந்து திரும்பி வரப்போகிற காசுதானே என்ற வாதம் எடுபடாது. ஏஜென்ட் யாராவது 'பார்த்துக்கலாம் சார்' என்று சொன்னால் காசைக் கையில் கொடுக்காதீர்கள், மாட்டினால் போவது உங்கள் காசு. இந்த வரிசையில் கடைசி வருடமான 1922-உம் நூறைத் தாண்டிவிட்டது. இந்த வரிசைக்குக் கடினமான கேப்சூல் வாங்கிப் போட்டாயிற்று.

ஆக, 1950 ரூபாய் ஒன்று மட்டும் கிரேடிங்குக்கு அனுப்பும் அடுத்த லாட்டில் போகிறது. போவதற்கு முன் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து, எடையையும் குறித்து வைத்திருக்கிறேன். மார்க் வந்ததும் எழுதுகிறேன்.