கோத்தகிரி வராந்தாவில் மலைத் தகைவிலான்

மார்ச் இறுதியில் கோத்தகிரி சென்றிருந்தபோது, தேயிலைத் தோட்டங்களின் மேல் தாழப் பறந்து பூச்சி பிடிக்கும் மலைத் தகைவிலான்களை வழியெங்கும் கண்டேன். குளிர்காலத்தில் சமவெளிக்கு வலசை வரும் தகைவிலானுக்கு உள்ள நீண்ட வால்கம்பிகளும் மார்பின் கரும்பட்டையும் இதற்கு இல்லை. நெற்றியும் தொண்டையும் செம்பழுப்பு; முதுகு பளபளக்கும் கருநீலம். தென்னிந்திய மலைகளிலும் இலங்கையிலும் மட்டுமே வாழும் இப்பறவையை 1841இல் ஜெர்டன் என்ற பறவையியலாளர் முறைப்படி விவரித்தார்.

பாறை விளிம்புகளிலும் பாலங்களின் அடியிலும் கூடு கட்டும் இந்தப் பறவை, மனிதர் புழங்கும் வீட்டுக்குள்ளும் தயங்காமல் வந்துவிடுகிறது. நான் தங்கிய பழைய பங்களாவின் வராந்தாவில், உத்தரமும் சுவரும் சேரும் மூலையில் ஒரு கூடு உருவாகிக்கொண்டிருந்தது. தண்ணீர்த் தொட்டி வழிந்து சேறாகிக் கிடந்த இடத்தில் ஆணும் பெண்ணும் இறங்கி, ஒவ்வொரு முறையும் அலகு கொள்ளுமளவு மண்ணை எடுத்து வந்து, ஏற்கெனவே வைத்த உருண்டையின் மேல் அழுத்தி ஒட்டின. அடிவரிசை உருண்டைகள் காய்ந்து வெளுத்திருக்க, விளிம்பு மட்டும் ஈரத்தில் கறுத்திருந்தது; இடையிடையே புல் நார்கள் நீட்டிக்கொண்டிருந்தன. கீழ்மண் இறுகாமல் மேலே அடுக்கினால் பாரம் தாங்காது என்பதால், வேலை இடைவெளி விட்டே நடக்கிறது. உட்புறத்தில் இறகுகளைப் பரப்பிய பிறகு, பழுப்புப் புள்ளியிட்ட வெண்ணிற முட்டைகள் இரண்டு முதல் நான்கு வரை இடும்.

கார் கொட்டகையிலிருந்த மற்றொரு கூட்டில் குஞ்சுகளே இருந்தன. தாய் தந்தை இரண்டும் மாறி மாறி இரை கொண்டுவந்தன. சிறு குஞ்சுகளின் எச்சம் மெல்லிய உறைக்குள் வெளிவருவதால், பெற்றோர் அதை அலகால் கவ்வி வெளியே எறிந்துவிடுகின்றன. வளர்ந்தபின் குஞ்சுகள் விளிம்புக்குப் பின்புறம் காட்டித் திரும்பி, நேரே தரையில் எச்சமிடுகின்றன. மனிதர்கள் கூட்டைத் தட்டிவிடுவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். கோடைச் சீசனுக்கு வெள்ளையடிப்பதும் கூட்டில் குஞ்சுகள் இருப்பதும் ஒரே மாதங்களில் நேர்வதை நினைத்து எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

அந்தப் பங்களாவின் காவலாளி ஐயா, கூட்டுக்குச் சற்றுக் கீழே ஒரு பலகை அடித்து, அதில் பழைய செய்தித்தாள் விரித்திருந்தார். தாளை அவ்வப்போது மாற்றினால் போதும், தரை அழுக்காவதில்லை என்றார். பழைய கூட்டையே பூசிச் சீராக்கி மறுபடியும் பயன்படுத்தும் வழக்கம் இப்பறவைக்கு உண்டு என்பதால், அந்தப் பலகையைக் கழற்றுவதே இல்லையாம்.